வண்டி ஸ்கேனரில் சின்ன ஜிபிஎஸ் இணைப்பது எப்படி?

கேள்வி: ஊர் மாறும்போது என் வண்டி ரேடியோ ஸ்கேனர் (பல வானொலி அலைவரிசைகளை மாறி மாறித் தேடிக் கேட்கும் கருவி) தானாகவே அந்தப் பகுதி அலைவரிசைகளுக்கு மாற வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. யுஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்றை ஸ்கேனரின் யுஎஸ்பி துளையில் செருகினேன். விளக்குகூட எரியவில்லை. ஏன்?

பதில் 1: அந்தத் துளை பெரும்பாலும் கணினியோடு பேசத்தான் நண்பரே, ஜிபிஎஸ்ஸை இயக்காது. சீரியல் போர்ட் (தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் பழைய வகைத் துளை) இருக்கிறதா பாருங்கள். அதற்கு ஆர்எஸ்-232 (சீரியல் போர்ட்டுக்கான மின் தரநிலை) மின்னழுத்தத்தில் என்எம்இஏ 0183 (ஜிபிஎஸ் இடத்தகவலை அனுப்பும் பொதுவான வடிவம்) தரவு அனுப்பும் ரிசீவர் வேண்டும். டிடிஎல் (குறைந்த மின்னழுத்த சிக்னல் தரும்) மாட்யூல் என்றால் நடுவில் அதை ஆர்எஸ்-232 ஆக மாற்றும் மேக்ஸ்3232 போன்ற சிப் கட்டாயம். இல்லாவிட்டால் சிக்னல் தலைகீழாகப் போய்ச் சேரும்.

பதில் 2: தரவு வேகமும் (நொடிக்கு எத்தனை பிட்) முக்கியம். என்எம்இஏ வழக்கம் 4800, பல மாட்யூல்கள் 9600. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

கேட்டவர்: சரி, மின்சாரம்?

பதில் 1: 5 வோல்ட் ரிசீவர் என்றால் பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம், கிரவுண்ட் வயரை ஸ்கேனரோடு சேர்க்க மறக்க வேண்டாம்.