ஆரெகன் தடத்தின் பழைய நிலவரைபடங்கள்: கையாண்டவர்கள் சொல்வது

ஆரெகன் தடம் என்பது 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போனவர்களின் மாட்டுவண்டிப் பாதை. அதன் வழியில், வயோமிங் மாநிலத்தில் ஸ்வீட்வாட்டர் ஆறு நார்த் பிளாட் ஆற்றில் கலக்கும் இடத்தை, 1909-இல் கட்டி முடித்த பாத்ஃபைண்டர் அணையின் நீர்த்தேக்கம் மூழ்கடித்துவிட்டது. அந்த ஆற்றோரம் எப்படி இருந்தது என்று பார்க்க, அணைக்கு முன் அளவெடுத்த வரைபடத் தாள் வேண்டும். தாளின் ஓரத்தில் அளவெடுத்த ஆண்டு, பதிப்பாண்டு, மறுஅச்சு ஆண்டு தனித்தனியாக இருக்கும், முதலாவதுதான் முக்கியம். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் ஸ்கேன்களை இலவசமாகவே தருகிறது. காகிதப் பிரதி சுவரில் மாட்டத்தான்.

———

ஸ்கேன் கிடைத்ததும் நேரே ஜிபிஎஸ் தடத்தின் மேல் போட்டுவிடாதீர்கள். 1:62,500 அளவுத்திட்டத் தாள் 15 நிமிட அகலம் (ஒரு பாகையில் 60 நிமிடம்). ஓரத்திலும் உள்ளேயும் 5 நிமிடத்துக்கு ஒரு அட்சரேகை-தீர்க்கரேகைக் குறி, மொத்தம் 16 புள்ளிகள். 1:125,000 தாளில் 10 நிமிடத்துக்கு ஒன்று, அதுவும் 16. பதினாறையும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் குறித்து, ஸ்கேனை உண்மையான இடத்தோடு பொருத்துங்கள். நான்கு மூலை போதாது, ஏனென்றால் மடித்து வைத்த காகிதம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆறுகள் ஒன்றுகூடும் இடங்களைப் புள்ளியாக எடுக்காதீர்கள். பிளாட் ஆறு படுகை மாற்றிக்கொண்டே இருப்பது. தடத்தோரம் இருக்கும் இண்டிபெண்டன்ஸ் ராக் என்ற பாறை, டெவில்ஸ் கேட் என்ற பாறைப் பிளவு இரண்டையும் கடைசியில் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பொருத்த, அதை நகர்த்தி, திருப்பி, ஒரே சீராக நீட்டும் முதல்படிப் பல்லுறுப்பு உருமாற்றமே பெரும்பாலும் போதும். தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற வளைக்கும் முறையைப் போட்டால் பிழை பூஜ்யம் என்று காட்டும். புள்ளிகள் மேலேயே படத்தை இழுத்து ஒட்டுவதால் வரும் பூஜ்யம் அது. தப்பாகக் குறித்த புள்ளியும் அதில் ஒளிந்துகொள்ளும். 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 பிக்சல்) ஸ்கேனில் 1:62,500 தாளின் ஒரு பிக்சல் தரையில் சுமார் 4 மீட்டர்.

———

ஒன்று விட்டுப்போனது: டேட்டம், அதாவது ஆயங்களை அளக்க எடுத்துக்கொள்ளும் அடிப்படை. பழைய வட அமெரிக்க டேட்டமான நாட் 27-இல் உள்ள தாளின் யூடிஎம் கட்டத்தை (மீட்டரில் இடம் சொல்லும் கட்டம்), பின்னால் வந்த நாட் 83 என்று எடுத்துக்கொண்டால் வடக்கு-தெற்காக ஏறக்குறைய 200 மீட்டர் தள்ளிப்போகும். தடம் ஓடையின் தப்பான கரையில் வந்து நிற்கும்.

———

வரைபடக்காரர் சார்லஸ் புரோய்ஸ் வரைந்து 1846-இல் வந்த, இந்தத் தடத்தின் ஏழு தாள்களுக்கு இந்த வித்தையெல்லாம் வேண்டாம். அங்குலத்துக்கு 10 மைல், அதாவது தாளில் 1 மில்லிமீட்டர் தரையில் 634 மீட்டர். வண்டிச் சக்கரப் பள்ளத்தை அதில் தேடுவது வீண். புல், விறகு, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஓரத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள், வண்டிக்காரருக்கு வேண்டியிருந்ததும் அதுதான். பள்ளத்தைத் தேடுவதானால் 1:24,000 தாள். அதிலும் ஒற்றைக் கோட்டை நம்ப வேண்டாம்: புழுதிக்குப் பயந்தும் புல்லைத் தேடியும் வண்டிகள் சமவெளியில் அகலமாகப் பரவித்தான் போயின. மேடு, ஆற்றுத்துறை மாதிரி குறுகும் இடங்களில் முதலில் பாருங்கள்.