புதுப்பிப்பு: வாடகை வீட்டுக்கு ஓட்டும் மைல்களுக்கு வரிக்கழிவு
நியூ ஜெர்சியில் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டைப் பார்த்துவர ஓட்டும் மைல்களை வரியில் கழிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வரி ஆலோசகரிடம் பேசிவிட்டேன். கழிக்கலாம், 2025க்கு மைலுக்கு 70 சென்ட். சுங்கமும் பார்க்கிங்கும் தனி. ஆனால் பெட்ரோல், இன்ஷூரன்ஸ் செலவை மறுபடி சேர்க்க முடியாது.

சிக்கல் புறப்படும் இடத்தில்தான். குடியிருக்கும் வீட்டிலிருந்து நேரே போனால், அலுவலகத்துக்குப் போய்வருவதைப் போலவே அதைச் சொந்தப் பயணமாகக் கொள்வார்கள். வாடகைத் தொழிலின் முதன்மை இடம் நாம் குடியிருக்கும் வீடே என்று காட்ட முடிந்தால் அந்த மைல்களும் செல்லும். இதை அவசியம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். புதுக் கூரை போடுவது போன்ற மேம்பாட்டுக்காக ஓட்டிய மைல்களின் செலவு உடனே கழியாது, வீட்டின் அடக்கவிலையில் (வீட்டுக்கு ஆன மொத்தச் செலவுக் கணக்கில்) சேரும்.

தேதி, இடம், மைல், “சமையலறைக் குழாய் ஒழுகல்” என்பதுபோல் காரணம், இவற்றை அன்றன்றே எழுதிவையுங்கள்.