பொருள்: ஃபிப்த் வீலுக்குத் தமிழ்ச் சொல், வெள்ளிக்குள் தேவை

மு.தே., பிராம்ப்டன் (திங்கள் இரவு)

அனைவருக்கும் வணக்கம்.

விக்டோரியா நாள் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை, இங்கே ஒரு காலி வாகனத் தரிப்பிடத்தில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயிற்சி வைத்திருக்கிறோம். வந்து சேரப்போகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பிறகு, வண்டியின் பின்னால் கட்டி இழுக்கும் பயண வீடு வாங்கியவர்கள். காரோட்டி முப்பது ஆண்டுப் பழக்கம் உண்டு. பின்னால் ஒன்றைக் கட்டி இழுத்த பழக்கம் இல்லை. அவர்களுக்கான பன்னிரண்டு பக்கக் கையேடு வெள்ளி மதியம் அச்சுக்குப் போகவேண்டும். மொழிபெயர்த்துவிட்டேன், வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். சொற்களில்தான் நிற்கிறேன்.

முதலாவது, ஃபிப்த் வீல். காரின் பின்புறக் குமிழில் மாட்டி இழுக்கும் சாதாரண டிரெய்லர் அன்று இது. டிரக்கின் பின்பெட்டிக்குள்ளே, பின்னச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னேயோ, ஒரு தட்டு இருக்கும். டிரெய்லரின் மூக்கிலிருந்து தொங்கும் இரண்டு அங்குல விட்டமுள்ள இரும்பு ஆணி (கிங்பின்) அந்தத் தட்டின் வாயில் புகுந்ததும் தாடை மூடிக் கவ்விக்கொள்ளும். குமிழில் மாட்டுவதில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு இழுக்கிற வண்டியின் மேல் இறங்கும். இதில் 15 முதல் 25 விழுக்காடு. 4,500 கிலோ வீடு என்றால் 675 முதல் 1,125 கிலோ வரை டிரக்கின் முதுகில் இருக்கும். அதனால் ஆட்டம் குறைவு, திருப்பம் எளிது. "ஐந்தாம் சக்கரம்" என்று நேராகப் போட்டால் போதுமா?

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. "இழுவை வண்டி" என்று எழுதிக்கொண்டே போனேன். திரும்பிப் படித்தால், மூன்றாம் பக்கத்தில் அது டிரக். ஏழாம் பக்கத்தில் அது டிரெய்லர். "இழுவை வண்டியின் பிரேக்கை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. எந்த வண்டியின் பிரேக்? எழுதிய எனக்கே ஒரு கணம் தெரியவில்லை.

உதவுங்கள்.

திருச்சியிலிருந்து, அ.வே. (செவ்வாய் காலை)

அன்பு மகளுக்கு,

உன் தடுமாற்றம் உன் குற்றமன்று, "வை" விகுதியின் இயல்பு. போர்வை என்பது போர்த்தப் பயன்படுவது, கருவி. கோவை என்பது கோக்கப்பட்டது, செயப்படுபொருள். பார்வை என்பது பார்க்கும் தொழில். ஒரே விகுதி மூன்று வேலையும் பார்க்கிறது. ஆகவே இழுவை, இழுப்பதாகவும் இருக்கலாம், இழுக்கப்படுவதாகவும் இருக்கலாம். இலக்கணம் உனக்கு இங்கே தீர்ப்புச் சொல்லாது. சொல்லையே மாற்று.

ஆனால் ஆணியின் பெயருக்கு நீ வெளியே தேட வேண்டியதில்லை. பட்டினப்பாலை வணிகரைச் சொல்லும் இடத்தில் "நெடுநுகத்துப் பகல் போல நடுவு நின்ற நன்னெஞ்சினோர்" என்கிறது. நுகத்தடியின் நட்ட நடுவில் அறைந்த ஆணிக்குப் பகல் என்று பெயர். பகலாணி என்றும் வழங்கும். இழுக்கும் விசை முழுவதும் அந்த ஓர் ஆணியில் கூடி வண்டிக்குப் போகிறது. நீ விவரித்த இரும்பு ஆணி செய்யும் வேலை வேறென்ன?

பகு என்னும் அடியிலிருந்து வந்தது பகல். பகுப்பது நடுவில் நிகழும். ஆதலால் பகல் நடுவாயிற்று. நாளைப் பகுத்த பாதியும் பகலாயிற்று. பகுத்து என்பதே பாத்து. "பாத்தூண் மரீஇயவனை" என்ற குறளை நினைத்துக்கொள். வயலைப் பகுத்தது பாத்தி. ஒரே வேரிலிருந்து வயலும் உணவும் நுகமும் வெளிச்சமும் கிளைக்கின்றன. இப்படி ஒரு சொல் கையில் இருக்கக் கிங்பின் எதற்கு?

ச.பெ., நாமக்கல் (செவ்வாய் மாலை)

ஐயாவுக்கு வணக்கம். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டு இருப்பவன் நான். பகலாணி அழகான சொல். ஆனால் கையேட்டைக் கையில் வாங்குபவர் பகலில் போடும் ஆணி, இரவில் கழற்றும் ஆணி என்றுதான் முதலில் எண்ணுவார்.

கிங்பின் என்றே விட்டுவிடலாம் என்றும் சொல்லமாட்டேன். எங்கள் பக்கம் கிங்பின் என்றால் முன்னச்சில், சக்கரம் இடவலமாகத் திரும்புவதற்காக நிற்கும் ஆணி. "கிங்பின்னுக்குக் கிரீஸ் வைத்தீர்களா" என்று கேட்டால் எந்த லாரி ஓட்டுநரும் முன்னால்தான் குனிவார். ஊரில் லாரி ஓட்டிவிட்டுக் கனடா போனவர் உங்கள் வகுப்பில் ஒருவராவது இருப்பார்.

ஐந்தாம் சக்கரமும் வேண்டாம். நாலு சக்கர வண்டிக்கு ஐந்தாவது சக்கரம் என்றால் நம் ஊரில் ஸ்டெப்னி. அந்தச் சொல்லே ஒரு தெருப்பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். விற்றவர்கள் போய்விட்டார்கள், சொல் நம்மிடம் தங்கிவிட்டது.

அ.வே., திருச்சி

நாமக்கல் தம்பிக்கு: ஸ்டெப்னிக்கும் ஔவையார் பெயர் வைத்திருக்கிறார். புறநானூறு 102. உப்பு வணிகரின் வண்டி. எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. பண்டமோ மிகுதியாக ஏற்றியாயிற்று. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகும் என்று யார் அறிவார் என்று, அடிமரத்தில் சேமவச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். உபரி அச்சு. மகளே, உன் கையேட்டின் முதல் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு இல்லை. பழகாத எருது, மிகுந்த பாரம், ஏற்ற இறக்கம், முன்னெச்சரிக்கை. நீ நடத்தப்போகும் பாடம் முழுவதும் அதில் இருக்கிறது.

ந.இ., சிங்கப்பூர் (புதன்)

ஐந்தாம் சக்கரம் என்ற பெயர் சும்மா வந்ததன்று என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். குதிரை வண்டிகளில் முன்னச்சு இடவலமாகத் திரும்புவதற்காக, அச்சுக்கு மேலே படுக்கைவசமாக ஒரு வளையம் வைத்தார்கள். தரையைத் தொடாத அந்த வளையம்தான் ஐந்தாவது சக்கரம். பின்னால் மோட்டார் லாரிகளில் தட்டாக மாறியபோதும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே "சுழல்தட்டு" என்பது என் முன்மொழிவு. வடிவமும் வேலையும் சேர்ந்து தெரிகிறது.

மற்றொன்று. ஆணியின் மேல் இறங்கும் எடையை "ஆணிப்பாரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாரம் வடசொல். "ஆணிப்பொறை" எனலாம்.

க.செ., கால்கரி (புதன் நள்ளிரவு)

சிங்கப்பூர் நண்பருக்கு: ஆல்பர்ட்டாவில் ஒருவர் எடை மேடையில் நின்றுகொண்டு "என் ஆணிப்பொறை என்ன" என்று கேட்பாரா? பாரம் என்று என் ஆச்சி சொன்னார், அவருடைய ஆச்சியும் சொல்லியிருப்பார். வண்டிக்காரர் எல்லாருக்கும் அது தமிழ்தான். பாரத்தில் கைவைக்காதீர்கள்.

தங்கச்சி, உங்கள் ஏழாம் பக்க வரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த வரியில் நான் மாட்டியிருக்கிறேன்.

நான் முதன்முதலில் ஃபிப்த் வீல் வாங்கிய கிழமை. மாட்டும் முறையைத் தொலைபேசியில் ஒரு நண்பர் தமிழில் சொல்லச் சொல்லச் செய்தேன். டிரக்கைப் பின்னால் எடுத்தேன், டக் என்று சத்தம் கேட்டது, தாடைப் பிடி மூடிக்கொண்டது. "இழுவையின் பிரேக்கைப் போட்டு மெதுவாக முன்னே இழுத்துப் பார்" என்றார் அவர். நான் டிரக்கின் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வீட்டின் முன்பகுதியைத் தாங்கி நின்ற ஊன்றுகால்களை மேலே ஏற்றினேன். ஏறி உட்கார்ந்து ஓர் ஆறடி நகர்ந்திருப்பேன். பின்னால் வானம் இடிந்ததுபோல ஒரு சத்தம். வீட்டின் மூக்கு டிரக்கின் பின்பெட்டிச் சுவர் இரண்டின் மேலும் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் தகரம் மடங்கி, மனைவி வாசலில் தேநீரோடு அப்படியே நின்றார்.

நடந்தது இதுதான். வீட்டின் மூக்கைத் தேவைக்கு மேல் உயர்த்தி வைத்திருந்தேன். ஆணி தாடைக்குள் இறங்காமல் அதன் மேலேயே ஏறி நின்றுவிட்டது. தாடை வெறுமனே மூடிக்கொண்டது. மூக்குத் தகடு தட்டைவிடச் சற்றுத் தாழ்வாக இருந்து, டிரக் பின்னால் வரும்போது தட்டு அதைச் சிறிது தூக்கிவிட வேண்டும். அப்போதுதான் ஆணி அடிவரை இறங்கும். நண்பர் சொன்ன சோதனை அதைக் கண்டுபிடிக்கத்தான்: வீட்டுச் சக்கரங்களுக்குத் தேருக்குப் போடுவதுபோல முட்டுக்கட்டை போட்டு, ஊன்றுகாலைத் தரையில் விட்டபடியே, ஓட்டுநர் அருகிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியின் நெம்பைத் தள்ளி *வீட்டின்* பிரேக்கை மட்டும் பிடித்து, டிரக்கை முன்னே மெல்ல இழுப்பது. ஆணி சரியாக உட்காரவில்லை என்றால் அங்கேயே கழன்றுவிடும். ஊன்றுகால் வீட்டைத் தாங்கிக்கொள்ளும். அவர் இழுவை என்றது வீட்டை. நான் கேட்டது டிரக்கை.

ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த விலை அது. கையேட்டில் இழுவை வண்டி என்ற சொல் ஓர் இடத்திலும் இருக்கக்கூடாது. பகல், பாத்தி எல்லாம் பிறகு பேசலாம்.

மு.தே., பிராம்ப்டன் (வியாழன் காலை)

அண்ணா, படித்துவிட்டு அந்தச் சொல்லைப் பன்னிரண்டு பக்கத்திலும் தேடி அழித்தேன். பத்தொன்பது இடம்.

டிரெய்லருக்குத் "தொடர்வண்டி" என்று வைத்துப் பார்த்தேன். தமிழ்நாட்டில் அது ரயில். "பின்வண்டி" என்றால் சாலையில் நமக்குப் பின்னால் வரும் வேறு யாருடையதோ வண்டி. கடைசியில் "இழுக்கும் டிரக்", "இழுபடும் வீடு" என்று எழுதிவிட்டேன். நீளம்தான். ஆனால் யாரும் மாற்றிப் படிக்க முடியாது. பின்னால் எடுக்கும் பாடத்தில் இப்படி வருகிறது: "ஸ்டியரிங்கின் அடியில் கையை வையுங்கள். இழுபடும் வீடு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். சந்தேகம் வந்தால் நிறுத்துங்கள், இறங்குங்கள், நடந்துபோய்ப் பாருங்கள்."

இன்னொன்று கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன், வட்டார வழக்கு என்று தள்ளிவிடுவீர்களோ என்று. எங்கள் ஊரில் உழவு இயந்திரத்துக்குப் பெட்டியைக் "கொளுவு" என்போம். சட்டையைக் கொளுக்கியில் கொளுவுவோம். மாட்டுகிற கருவியைக் "கொளுவி" எனலாமா? குமிழில் மாட்டுவது குமிழ்க்கொளுவி. ஃபிப்த் வீல் தட்டுக்கொளுவி. இரண்டும் வேறு என்பது பெயரிலேயே தெரியும்.

ச.பெ., நாமக்கல்

தட்டுக்கொளுவிக்கு என் கை உயர்ந்தது. நாங்கள் மாட்டு என்போம், கொளுவு என்று சொல்லமாட்டோம். ஆனால் கேட்ட உடனே புரிகிறது. சுழல்தட்டு என்றால் வீட்டில் சாப்பாட்டு மேசையில் சுற்றும் தட்டு நினைவுக்கு வருகிறது, மன்னிக்கவும். ஆணிக்கு, ஐயா சொன்ன பொருளையே வைத்து "நடுவாணி" என்று போடலாமே? பகல் என்றாலும் நடுதானே.

ந.இ., சிங்கப்பூர்

தட்டுக்கொளுவி சரி. பாரத்தில் என் மறுப்பு அப்படியே இருக்கிறது. வளைவில் இழுபடும் வீட்டின் சக்கரங்கள் டிரக்கின் தடத்தை விட்டு உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போவதற்கு "உள்வாங்கல்" என்று போட்டிருக்கிறீர்கள். கடல் உள்வாங்கியது என்போம், பாடத்தை உள்வாங்கினான் என்போம். "உள்வெட்டு" தெளிவு. சந்தியில் விளக்குக் கம்பத்தை உரசியவருக்கு வெட்டு என்றால் உடனே புரியும்.

அ.வே., திருச்சி (வியாழன் இரவு)

நடுவாணி பிழையில்லை, உயிரும் இல்லை. பகலாணியில் ஈராயிரம் ஆண்டு இழுத்த எருதுகளின் மூச்சு இருக்கிறது. புரியாது, புரியாது என்று ஒவ்வொரு சொல்லாகக் கைவிட்டால், நாளைக்குப் புரிவதற்கு நம்மிடம் எது மிஞ்சும்? கொளுவி என்ற ஈழத்துச் சொல்லைத் தமிழ்நாட்டார் கற்றுக்கொள்ளலாம் என்றால், பகலாணியை ஏன் கற்றுக்கொள்ளக் கூடாது?

டிரக்கும் வீடும் கத்திபோல ஒன்றின்மேல் ஒன்று மடங்கும் விபத்துக்கு "மடங்கல்" என்று வைத்திருப்பதை ஏற்கிறேன். மடங்கல் என்றால் பழந்தமிழில் கூற்றுவன் என்றும் பொருள் உண்டு.

க.செ., கால்கரி

ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கொளுவி பிடித்துக்கொண்டதற்குக் காரணம் கொளுவு என்ற வினை இன்னும் பேச்சில் உயிரோடு இருப்பது. பகல் என்றால் நடு என்று இன்று யாரும் சொல்வதில்லை. எனக்குப் பட்டது இவ்வளவுதான். முடிந்தால் பகலாணியை அடிக்குறிப்பிலாவது சேருங்கள், தங்கச்சி.

மு.தே., பிராம்ப்டன் (வெள்ளி காலை)

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தட்டுக்கொளுவி, நடுவாணி, ஆணிப்பாரம், உள்வெட்டு, மடங்கல். எடை பற்றிய பக்கத்தில், ஒன்டாரியோவில் ஜி உரிமத்தோடு (சாதாரண கார் ஓட்டுநர் உரிமம்) இழுக்க வேண்டுமானால் இழுபடுவது 4,600 கிலோவையும் இரண்டும் சேர்ந்து 11,000 கிலோவையும் தாண்டக்கூடாது என்ற விதிக்கு மேலே, "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்ற குறளைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவு மீறினால் அச்சு முறியும். சேமவச்சுக்கும் அடிக்குறிப்புக்கும் இடம் கிடைக்கவில்லை, ஐயா. பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் மடிக்க முடியாது என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அது குறைதான்.

மு.தே., பிராம்ப்டன் (ஞாயிறு)

பதினொரு குடும்பம் வந்தது. எழுபது வயது அம்மா ஒருவர், கணவர் டிரக்கைப் பின்னால் எடுக்க, பக்கத்தில் நின்று கைவிளக்கைப் பிடித்து எட்டிப் பார்த்தார். "நில்லுங்கள், நடுவாணி இன்னும் மேலேயே நிற்கிறது" என்று கத்தினார். கணவர் நிறுத்தினார். இறங்கிப் பார்த்தோம், தாடைக்கு மேலேதான் நின்றது.

ஒரு சொல் மட்டும் கையேட்டில் ஆங்கிலத்திலேயே போய்விட்டது. டிரக்கிலிருந்து இழுபடும் வீட்டுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். வீடு அறுத்துக்கொண்டு பிரிந்தால் கம்பி அதன் முனையிலுள்ள முளையை உருவிவிடும். உடனே வீட்டின் சொந்த பேட்டரி அதன் பிரேக்கைப் பிடிக்கும். "பிரேக்அவே" என்றே எழுதினேன். எல்லோரும் அதைச் சாதாரண பிரேக் என்று படித்துவிட்டார்கள். ஜூன் மாதம் இரண்டாவது வகுப்பு.

அ.வே., திருச்சி

அறுகம்பி என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அறுவது கம்பியா, பிரிவது வண்டியா? பிரியும்போது காப்பது என்ற பொருள் சொல்லுக்குள் வரவேண்டும். இரண்டு நாள் கொடு. பகலாணியை நான் மறக்கவில்லை.