நாலே வருடத்தில் லாயர் ஆகலாமா?

பாகான் அஜாம் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகள் ஐந்தாம் படிவ எஸ்பிஎம் பரீட்சை முடித்திருக்கிறாள். சட்டம்தான் படிப்பேன் என்கிறாள். போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் மாணவர் வழிகாட்டிக் கூட்டம் நடந்தது. அங்கே பேசியவர், "டாக்டருக்கு ஐந்து வருடம், லாயருக்கு நாலே வருடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து பிடித்த பிடியை விடமாட்டேன் என்கிறாள். அவள் அப்பாவோ அக்கவுண்டிங் எடுக்கச் சொல்கிறார். வீட்டில் தினமும் சண்டை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஜாலான் டூத்தா கிளார்க்:
யாரம்மா அந்த ஆள்? மைக் கையில் கிடைத்தால் எதையும் பேசிவிடுவதா? நாலு வருடத்தில் யாரும் லாயர் ஆக முடியாது. வழக்கறிஞர் அலுவலகத்தில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன், எண்ணிக் காட்டுகிறேன். எஸ்டிபிஎம் பரீட்சைக்கு ஆறாம் படிவம் மூன்று பருவம், அது ஒன்றரை வருடம். ரிசல்ட் வந்து, அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு யுபியுவில் மனுப்போட்டு, இடம் கிடைக்கும்வரை வீட்டில் காத்திருக்க வேண்டும். அப்புறம் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம். முடித்துவிட்டு ஒரு லாயரிடம் ஒன்பது மாதம் சேம்பரிங் பயிற்சி. அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் மனுத்தாக்கல் செய்து, நீதிபதி முன்னால் ரோப் போட்டு நிற்கிற அன்றைக்குத்தான் லாயர். கிட்டத்தட்ட ஏழு வருடம். நாலு வருடம் கிடையாது.

லெம்பா பந்தாய்:
அண்ணே, பயமுறுத்தாதீர்கள். சட்டப் படிப்பு நாலு வருடம்தான். நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவள். 1972இல் தொடங்கிய பீடம் அது. அங்கே பட்டம் வாங்கியவர்களுக்கு, வெளிநாட்டுச் சட்டப் பட்டக்காரர்கள் எழுதுகிற சிஎல்பி பரீட்சை தேவையில்லை, நேராகச் சேம்பரிங் போகலாம். மருத்துவம் ஐந்து வருடம் என்று சொல்கிறோமே, அதில் ஹவுஸ்மேன் பயிற்சிக் காலத்தை யாராவது சேர்த்துச் சொல்கிறார்களா? எஸ்டிபிஎம்மைச் சேர்க்கிறார்களா? அதற்கு ஒரு கணக்கு, இதற்கு ஒரு கணக்கா?

ஜாலான் டூத்தா கிளார்க்:
ஹவுஸ்மேன் பிள்ளையை வார்டில் எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சேம்பரிங் பிள்ளையை யார் லாயர் என்று கூப்பிடுகிறார்கள்? அந்த ஆள் "சட்டப் படிப்பு நாலு வருடம்" என்றா சொன்னார்? "லாயருக்கு நாலே வருடம்" என்றார். அம்மா எழுதியதை மறுபடியும் படியுங்கள் தங்கச்சி. அதுவும் வெறும் நாலு இல்லை, "நாலே"!

லெம்பா பந்தாய்:
நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை. சேம்பரிங்கில் மூன்று மாதம் முடிந்ததும் ஷார்ட் கால் என்ற தற்காலிக அனுமதி வாங்கினால் ரெஜிஸ்ட்ரார் முன்னால் ஆஜராகலாம். நான் ஆஜராகியிருக்கிறேன்.

ஜாலான் டூத்தா கிளார்க்:
ஆஜராகலாம். லாயர் இல்லை. ஏழு வருடமாவது தொழில் செய்த ஒரு மாஸ்டர் பொறுப்பேற்றால்தான் சேம்பரிங்கே செய்ய முடியும். மாஸ்டர் கையைப் பிடித்து நடக்கிறவரை லாயர் என்று சொன்னால், ஃபைல் தூக்கிக்கொண்டு போகிற நானும் லாயர்தான்.

லெம்பா பந்தாய்:
இதுதான் உங்கள் பிரச்சினையே. போன வருடம் வீடு வாங்கும் பத்திரத்துக்கு லாயர் ஃபீஸ் பற்றிப் பேசினோமே, அங்கேயும் இதையேதான் சொன்னீர்கள். வேலை எல்லாம் கிளார்க் செய்கிறோம், லாயர் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குகிறார் என்று.

ஜாலான் டூத்தா கிளார்க்:
சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன். நான் தட்டச்சு செய்த அஃபிடவிட்டை வாசித்துப் பார்க்காமல் கொண்டுபோய், நீதிமன்றத்தில் முழித்த சின்ன லாயர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை விடுங்கள். நாலு வருடம் என்ற பேச்சுக்கு வாருங்கள்.

செபராங் ஜெயா:
இரண்டு பேரும் நாட்டில் ஒரே ஒரு பல்கலைக்கழகம்தான் இருப்பதுபோலப் பேசுகிறீர்கள். நான் பிறையில் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்துகொண்டே லண்டன் பல்கலைக்கழகச் சட்டப் பட்டத்தை வெளிவாரியாகப் படித்தவன். அப்புறம் சிஎல்பி. ஐந்து தாள். முதல் தடவை ஒரு தாளில் போய்விட்டது, சிவில் புரொசீஜர். அந்தத் தாளை மறுபடியும் எழுதினேன். இரவு ஷிஃப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவேன். மனைவி பசியாறக் கூப்பிடுவாள், புத்தகத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டுதான் தோசை சாப்பிடுவேன். லெபோ லைட்டில் இருக்கிற பினாங்கு உயர் நீதிமன்றத்தில் எனக்கு லாங் கால், அதாவது வழக்கறிஞராக ஏற்றுக்கொள்ளும் நிகழ்ச்சி, நடந்தபோது என் பிள்ளை ஒன்றாம் வகுப்பு. எத்தனை வருடம் ஆனது என்று எந்தக் கட்சிக்காரரும் என்னைக் கேட்டதில்லை. சிஎல்பி எழுதாமல் வந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியாது, அவ்வளவுதான்.

லெம்பா பந்தாய்:
சார், உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் சிஎல்பி எழுதாதவர்கள் சும்மா வந்தவர்கள் என்ற தொனி வேண்டாம். எஸ்டிபிஎம்மில் புள்ளி இல்லாமல் மலாயாவிலோ யூகேஎம்மிலோ சட்டத்துக்கு இடம் கிடைக்காது. எங்கள் பள்ளியிலிருந்து அந்த வருடம் சட்டத்துக்குப் போனது நான் ஒருத்தி மட்டும்தான்.

செபராங் ஜெயா:
நான் தொனி எல்லாம் வைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். சுட்டால் நான் என்ன செய்வது?

ஜாலான் டூத்தா கிளார்க்:
பாருங்கள், இவரும் நாலு வருடத்தில் ஆகவில்லை. யாராவது ஒருத்தர் கை தூக்குங்கள், எஸ்பிஎம் முடித்து நாலு வருடத்தில் லாயர் ஆனவர். ஒருத்தரும் இல்லை.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:
வருடத்தை எண்ணுவதை விட்டுவிட்டு முக்கியமானதைச் சொல்லுங்கள். அம்மா, மகளுக்கு எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் மற்ற எதைப் பேசியும் பயனில்லை. நீதிமன்ற மொழி மலாய். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நம் பிள்ளைகளில் சிலர் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு உட்கார்ந்து ஒரு வருடம் பிந்திப் போகிறவர்கள், அதையும் யோசிக்க வேண்டும். இன்னொன்று, தமிழ்மொழியை எஸ்பிஎம்மில் விட்டுவிடச் சொல்லும் பெற்றோர் பெருகிவிட்டார்கள். அது பெரிய தவறு.

ஜாலான் டூத்தா கிளார்க்:
புகுமுக வகுப்பைச் சேர்த்தால் எட்டு வருடம் ஆகிவிட்டது வாத்தியாரே. தமிழ் எடுப்பதற்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? என் மகன் தமிழில் ஏ எடுக்காமல் போனதுதான் மிச்சம். நீதிபதி முன்னால் திருக்குறளா சொல்லப் போகிறான்?

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:
திருக்குறளை இப்படி இழுக்காதீர்கள். நான் 18 வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மகன் ஏ எடுக்காததற்குத் தமிழ் என்ன செய்யும்?

லெம்பா பந்தாய்:
இதில் வாத்தியார் பக்கம் நான். சேம்பரிங்கில் சட்ட உதவிக் கடமைக்காக ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். கூண்டில் ஒரு தமிழ்ப் பாட்டி, கடையில் பால்மாவு எடுத்த வழக்கு. நீதிமன்றம் கேட்டதற்கு அவர் இரண்டு நிமிடம் பேசினார். மருமகள் ஆஸ்பத்திரியில், பேரன் பசியில், காசு நாளைக்குத் தருகிறேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன் என்று. மொழிபெயர்ப்பாளர் ஒரே வரியில், "எடுத்ததை ஒப்புக்கொள்கிறார்" என்று முடித்துவிட்டார். தமிழ் தெரிந்ததால் எழுந்து நின்று, முழுதும் சொல்லப்படவில்லை என்றேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் லாயரா இல்லையா என்று அவர் கேட்கவில்லை.

ஜாலான் டூத்தா கிளார்க்:
நல்ல காரியம். ஆனால் அன்றைக்கு நீங்கள் லாயர் இல்லை.

பாகான் அஜாம் அம்மா:
மலாயில் ஏ இருக்கிறது வாத்தியார். ஆறாம் படிவத்தில் என்ன பாடம் எடுத்தால் சட்டத்துக்கு நல்லது? பினாங்கிலேயே படிக்க முடியுமா? பெண் பிள்ளையைத் தூரமாக அனுப்ப அப்பா யோசிக்கிறார்.

லெம்பா பந்தாய்:
அக்கா, இந்தப் பாடம்தான் என்று கட்டாயம் இல்லை. புள்ளிதான் முக்கியம். வரலாறு, பொருளாதாரம் எடுத்து வந்தவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள், அறிவியல் மாணவர்களும் இருந்தார்கள். மூவெட் பரீட்சையில் இங்கிலீஷ் நன்றாக இருக்க வேண்டும். பினாங்கில் இருக்கிற யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் சட்டப் பீடம் கிடையாது. இந்தப் பக்கம் வரத்தான் வேண்டும். விடுதி இருக்கிறது, பயம் வேண்டாம்.

செபராங் ஜெயா:
அதென்ன, எல்லாவற்றுக்கும் கோலாலம்பூர் வரத்தான் வேண்டுமா? வழக்கறிஞர் கர்ப்பால் சிங் எங்கள் ஊர். ஜெலுத்தோங் புலி என்று நாடே சொன்ன மனிதர், சட்டம் படித்து முடிக்கவே ஏழு வருடம் எடுத்தார். 1969இல்தான் வழக்கறிஞர் ஆனார். யாராவது அவரைக் குறைத்துப் பேசுகிறார்களா?

லெம்பா பந்தாய்:
அவர் படித்தது சிங்கப்பூரில் சார், பினாங்கில் இல்லை.

செபராங் ஜெயா:
பிறந்தது பினாங்கில்.

ஜாலான் டூத்தா கிளார்க்:
ஏழு வருடம்! நான் சொன்ன அதே ஏழு.

லெம்பா பந்தாய்:
அண்ணே, அது படிப்புக்கு மட்டும் ஏழு. நீங்கள் சொன்னது எல்லாம் சேர்த்து ஏழு. உங்கள் கணக்கு உங்களுக்கே பொருந்தவில்லை. அந்த ஒரு எண்ணை ஏன் இப்படிப் பிடித்துத் தொங்குகிறீர்கள்?

ஜாலான் டூத்தா கிளார்க்:
ஏன் என்று கேட்டதால் சொல்கிறேன். என் மூத்தவளைச் சேர்த்தபோது ஒரு கல்லூரிக்காரர் எனக்கும் இதையேதான் சொன்னார். நாலு வருடம் சார், மகள் லாயர் என்று. ஈபிஎஃப் சேமிப்பில் எடுத்து, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, சரியாக நாலு வருடத்துக்குக் காசு கட்டிவைத்தேன். மூன்று வருடத்தில் இங்கிலாந்துப் பட்டம் வந்தது. அப்புறம்தான் சிஎல்பி என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியும். அதற்குத் தனியாக வகுப்புக் கட்டணம், பரீட்சைக் கட்டணம். அது முடிந்தால் சேம்பரிங். ஒன்பது மாதமும் அவளுக்குக் கொடுத்த தொகை செந்தூலில் அறை வாடகைக்கும் எல்ஆர்டிக்கும் போய்விடும். கறுப்புக் கோட்டு ஒன்றுதான் வைத்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமை துவைத்து விசிறிக்குக் கீழே காயப்போடுவாள். சங்கிலி மூழ்கிப் போனது. மகள் லாயர் ஆகிவிட்டாள், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த நாலு வருடம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது.

லெம்பா பந்தாய்:
அது உங்களுக்குத் தவறாகச் சொன்னவர் குற்றம். அதற்காக அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சேரப்போகிற பிள்ளையிடம் ஏழு வருடம் என்று சொன்னால், அக்கா பயந்து அக்கவுண்டிங்கில் போட்டுவிடுவார். படிப்பு நாலு வருடம்தான். எனக்கு எஸ்டிபிஎம், நாலு வருடம், சேம்பரிங் எல்லாம் முடிந்து 25 வயதில் லாங் கால். அம்மா கோர்ட்டில் பட்டுப்புடவையோடு பின்வரிசையில் உட்கார்ந்து அழுதார்கள்.

ஜாலான் டூத்தா கிளார்க்:
எஸ்பிஎம் எத்தனை வயதில் எழுதினீர்கள்?

லெம்பா பந்தாய்:
17. அதனால் என்ன?

ஜாலான் டூத்தா கிளார்க்:
கழித்துப் பாருங்கள்.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:
திருக்குறளைப் பற்றிச் சொன்னதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

பாகான் அஜாம் அம்மா:
ஆறாம் படிவத்துக்குக் கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை பதிய வேண்டும். அவள் அப்பாவிடம் எத்தனை வருடம் என்று சொல்லட்டும்?

லெம்பா பந்தாய்:
நாலு என்று சொல்லுங்கள் அக்கா.

ஜாலான் டூத்தா கிளார்க்:
ஏழு. காசும் ஏழுக்கே எடுத்துவையுங்கள்.