தொடை நரம்பில் கட்டி: இங்கேயே வெட்டி எடுத்துவிடலாமா?

செம்பனை34:
வணக்கம். மச்சானுக்கு 34 வயது, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். சின்ன வயதிலிருந்தே உடம்பில் பால்காப்பி நிறத் திட்டுகள், தோலில் முடிச்சுகள். என்எஃப்1 (நரம்புகளில் கட்டிகள் வளரும் பரம்பரை நோய்) என்று சொல்லியிருக்கிறார்கள். தொடையின் பின்பக்கம் வருஷக்கணக்கில் சும்மா கிடந்த கட்டி, 3 மாதத்தில் எலுமிச்சை அளவிலிருந்து ஆரஞ்சு அளவுக்கு வந்துவிட்டது. ராத்திரியில் வலி எழுப்பிவிடுகிறது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில், கொழுப்புக் கட்டிதான், மரக்க ஊசி போட்டு எடுத்துடலாம் என்கிறார்கள். எடுக்கலாமா?

ஈயக்குட்டை:
வேண்டாம். கொழுப்புக் கட்டி பொதுவாக ராத்திரியில் ஆளை எழுப்பாது. மேல்தோல் முடிச்சுகள் புற்றாவதில்லை என்றே சொல்லலாம். பயப்பட வேண்டியது நரம்போடு ஆழத்தில் வளரும் கட்டிகளுக்கு. என்எஃப்1 உள்ளவர்களில் 100க்கு 8 முதல் 13 பேருக்கு வாழ்நாளில் நரம்புறைப் புற்று வரலாம். வேகமாக வளர்வது, ஓயாத வலி, மெத்தென்று இருந்தது கல்லாவது, புதிதாக மரத்துப்போவது அல்லது பலம் குறைவது: இதில் ஒன்று இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். கட்டியைத் தட்டினால் பாதம்வரை சுரீரென்று ஓடுகிறதா, பக்கவாட்டில் அசைந்தும் மேலும் கீழும் அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது நரம்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மைக்ரோடோம்:
வரிசை முக்கியம். முதலில் எம்ஆர்ஐ, பிறகு ஊசி பயாப்ஸி (ஊசியால் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது), கடைசியில்தான் கத்தி. தெரியாமல் வெட்டினால் புற்றுச் செல்கள் சுற்றுத் தசையில் சிதறும். மறுபடி திறந்து தழும்போடு கட்டி கிடந்த இடம் முழுவதையும் எடுக்க வேண்டிவரும். தொடையில் குறுக்குவெட்டு போட்டிருந்தால் அந்த இரண்டாம் வெட்டு இன்னும் பெரிதாகும். ஊசி போகும் தடத்தைக்கூட, பின்னால் அறுவை செய்யப்போகும் சார்கோமா (தசை, நரம்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்று) குழுதான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரே கட்டியில் ஒரு பகுதி சாதுவாக, ஒரு பகுதி புற்றாக இருக்கலாம். சாதுவான பக்கம் குத்தினால் அறிக்கை பொய்யாக நிம்மதி தரும். பெட் ஸ்கேனில் (சர்க்கரையை அதிகம் இழுக்கும் செல்களைக் காட்டும் படம்) அதிகம் ஒளிரும் இடத்தில் குத்துவது அதனால்தான். பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் முதலில் பரவும், மார்பு சிடி ஸ்கேனும் கேளுங்கள்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் கடிதம் வாங்குங்கள். "கட்டி" என்று மட்டும் எழுதினால் தேதி தள்ளிப்போகலாம். "என்எஃப்1, ஆழமான கட்டி, 5 செ.மீ.க்கு மேல், 3 மாதத்தில் வளர்ச்சி, இரவு வலி" என்று எழுதச் சொல்லுங்கள்.

செம்பனை34:
நன்றி. புற்று என்றால் கால் போய்விடுமா?

ஈயக்குட்டை:
பெரும்பாலும் காலைக் காப்பாற்றித்தான் எடுப்பார்கள், கதிர்வீச்சும் சேரும். ஆனால் கட்டியோடு அந்த நரம்பும் போகலாம். தொடையின் பெரிய நரம்பு போனால் பாதம் தொங்கும், உள்ளங்காலில் உணர்ச்சி இருக்காது. பாதத்தைத் தாங்கும் பட்டை மாட்டி நடக்கலாம். ஆனால் பூட்ஸுக்குள் செம்பனை முள் ஏறினாலும் தெரியாது. போடுமுன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும், தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

மைக்ரோடோம்:
பிள்ளைகள் இருக்கிறார்களா? என்எஃப்1 ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பருவமடையாத பிள்ளைக்கு 5 மி.மீ.க்கு மேல் 6 திட்டுகள் இருந்தால் அந்தக் கிளினிக் கெசிஹாத்தானிலேயே காட்டிவிடுங்கள்.