சங்குப்பூ காக்டெயில் எலுமிச்சை பிழிந்தும் நிறம் மாறவில்லை, சனிக்கிழமை விருந்து, உதவவும்

கடலோரம் (கட்ர் போர்ன், மொரீஷியஸ்):
அனைவருக்கும் வணக்கம். தங்கையின் திருமண வரவேற்பு வரும் சனிக்கிழமை மாலை நடக்கிறது. விருந்தினர் கண்முன்னே நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் ஒரு பானத்தை வெள்ளை ரம்மில் கலந்து கொடுக்க நினைத்திருக்கிறோம். வீட்டில் ஒரு குவளை கலந்து பார்த்தபோது அழகாக மாறியது. நேற்று விருந்துக்கென மொத்தமாகத் தயாரித்துச் சோதித்தபோதோ, எலுமிச்சை பிழிந்ததும் பொங்கி நுரைத்ததே தவிர, நிறம் மங்கிய நீலமாகவே நின்றுவிட்டது. என்ன காரணமாக இருக்கும்? தெரிந்தவர்கள் விரைவில் சொல்லுங்கள்.

மோக்காவாசி:
வாழ்த்துகள். பூ புதியதா, உலர்ந்ததா? எவ்வளவு பூவுக்கு எவ்வளவு தண்ணீர்? ஒரு குவளைக்கு எலுமிச்சைச் சாறு எத்தனை மில்லிலிட்டர்? வீட்டில் செய்ததற்கும் மொத்தமாகச் செய்ததற்கும் இடையே எது மாறியது என்பதையும் எழுதுங்கள்.

கரும்புத்தோட்டம்:
குழாய்த் தண்ணீரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். குளோரின் கலந்த நீர் பூச்சாயங்களை வெளுக்கச் செய்யும். காய்ச்சி ஆறவைத்த நீரிலோ, கடையில் வாங்கும் நீரிலோ ஊறவைத்துப் பாருங்கள்.

பழையவன்:
இழை தொடங்குபவர்கள் செய்முறையை அளவுகளோடு எழுத வேண்டும் என்று இங்கே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்பது பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். அடிப்படையைப் புரிந்துகொள்ளாமல் விருந்துக்கு மொத்தமாகத் தயாரிப்பது சரியான வழி அல்ல. சங்குப்பூவின் நீலம் ஆந்தோசயனின் வகையைச் சேர்ந்த டெர்னாட்டின் என்னும் சாயங்களால் வருவது. அமிலமும் காரமும் இல்லாத நடுநிலையில் அது நீலமாக இருக்கும். அமிலத்தன்மை கூடக்கூடக் குறையும் அளவான பிஹெச் மதிப்பு நான்குக்குக் கீழே இறங்கும்போது ஊதாவாகும், மூன்றையும் தாண்டி இறங்கினால் இளஞ்சிவப்பாகும், எதிர்ப்பக்கம் காரம் ஏறினால் பச்சை படரும். எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் இரண்டுக்கும் இரண்டரைக்கும் இடையில் இருப்பதால், தேவையான அளவு ஊற்றினால் நிறம் மாறியே தீர வேண்டும். நீங்கள் ஊற்றியது போதவில்லை, அவ்வளவுதான்.

செந்தாழை (சேன் ஆந்த்ரே, ரெயூனியன்):
எனக்குப் பூவின் பழமைதான் காரணமாகத் தோன்றுகிறது. வெளிச்சம் படும்படி கண்ணாடிப் புட்டியில் மாதக்கணக்கில் கிடந்த உலர்பூவில் சாயம் பாதி போயிருக்கும். இங்கே பழங்களையும் வனிலாவையும் ரம்மில் ஊறப்போடுவது எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். அதைப்போலவே பூவையும் தண்ணீரில் வேகவைக்காமல் நேரே வெள்ளை ரம்மில் போட்டுவிட்டால், சில மணி நேரத்தில் ஆழ்ந்த நீலம் இறங்கிவிடும். காம்பையும் பச்சைப் புல்லியையும் கிள்ளி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இலைப்பச்சையும் சேர்ந்து இறங்கி நிறத்தைக் கெடுக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ரெயூனியன் பிரான்சின் பகுதி என்பதால் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இங்கும் செல்லும். உலர்ந்த சங்குப்பூவை ஒன்றியச் சந்தைக்குக் கொண்டுவர முயன்றபோது, அதிலுள்ள சைக்ளோடைடு என்னும் புரதப் பொருள்களைக் காரணம் காட்டி, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் பாதுகாப்பு குறித்த ஆட்சேபத்தைப் பதிவு செய்தது. விருந்தில் எல்லோருக்கும் கொடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

பழையவன்:
மொரீஷியஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. மேலும், 2021இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதே பூவின் சாற்றை உணவுச் சாயமாக அனுமதித்தது. தென்கிழக்கு ஆசியாவில் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் தலைமுறை தலைமுறையாகச் சேர்க்கும் பூவைக் கண்டு அஞ்சுவது தேவையற்றது.

செந்தாழை:
அஞ்சச் சொல்லவில்லை, ஐயா. சோற்றுக்கு நிறமூட்டச் சேர்க்கும் சில பூக்களும், புட்டி புட்டியாக வடித்த செறிவான சாறும் ஒன்றல்ல. நாட்டு மருத்துவத்தில் இந்தச் செடியின் வேருக்கும் விதைக்கும் பேதியாக்கும் தன்மை சொல்லப்படுகிறது. கருவுற்ற பெண்கள் விருந்தில் இருப்பார்கள். ரம் சேர்க்காத குவளை என்று நம்பி இதைக் குடிக்கக்கூடியவர்களும் அவர்கள்தாம். அவர்களுக்கு வேறு பானம் வைப்பதில் என்ன இழப்பு?

கரும்புத்தோட்டம்:
செந்தாழை அக்கா சொல்வது நியாயம். கடலோரம் தம்பி, அளவுகளை எழுதுங்கள்.

கடலோரம்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். உலர்ந்த பூ, ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கைப்பிடி. காய்ச்சி வடிகட்டியதைச் சர்க்கரைப் பாகோடு சேர்த்துப் புட்டிகளில் அடைத்திருக்கிறோம். குவளைக்கு அறுபது மில்லிலிட்டர் பூநீர், நாற்பத்தைந்து மில்லிலிட்டர் ரம், பத்து மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாறு. மொத்தமாகக் காய்ச்சியது சிற்றப்பா. முதலில் செய்ததைவிட நீலம் அடர்த்தியாக, மயில் கழுத்து போலக் கொஞ்சம் பச்சையோடி இருந்தது.

மோக்காவாசி:
தம்பி, முதல் பதிவில் "பொங்கி நுரைத்தது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சோடாநீரோ டானிக்கோ சேர்க்காத பானத்தில் எலுமிச்சை பட்டதும் நுரை வரக் காரணமே இல்லை. பச்சையோடிய நீலம், அதன்மேல் நுரை, பிறகு மங்கிய நீலம். இவை மூன்றும் சேர்ந்து, காரத்தன்மையுள்ள சமையல் சோடாவைத்தான் காட்டுகின்றன. நீலத்தை அடர்த்தியாக்க ஒரு சிட்டிகை சமையல் சோடா போடும் வழக்கம் பலரிடமும் உண்டு. சிற்றப்பாவிடம் கேளுங்கள்.

கணக்குப் பார்த்தால் விளங்கும். ஒரு தேக்கரண்டி சமையல் சோடா ஏறக்குறைய ஐந்து கிராம். ஒரு கிராம் சிட்ரிக் அமிலத்தை முழுவதும் செயலிழக்கச் செய்ய 1.3 கிராம் சோடா போதும். பத்து மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாற்றில் இருப்பதோ அரை கிராம் அளவே. ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி விழுந்திருந்தால், ஒரு குவளைப் பூநீரில் சேரும் சோடா அந்த அமிலத்தின் பாதியைத் தின்றுவிடும். மீதி அமிலத்தால் நீலத்தை இளஞ்சிவப்பு வரை இழுத்துச் செல்ல முடியாது. எலுமிச்சையை மேலும் மேலும் பிழிந்து சரிக்கட்டலாம் என்று நினைக்காதீர்கள், புளிப்போடு உப்புக் கரிப்பும் சேர்ந்து நாக்குக்கு ஆகாது. அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக வடியுங்கள். கொதிக்கும் நீரை அடுப்பிலிருந்து இறக்கிப் பூவின்மேல் ஊற்றி மூடிவைத்தால், பத்து நிமிடத்தில் வேண்டிய நிறம் வந்துவிடும்.

பரிமாறும் முறையையும் சொல்கிறேன். சர்க்கரைப் பாகைப் பூநீரில் கலக்காமல், எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்துக் குவளையின் அடியில் ஊற்றுங்கள். அதன்மேல் பனிக்கட்டியை நிறைத்து, ரம்மும் பூநீரும் கலந்த நீலத்தைக் கரண்டியின் முதுகில் மெல்ல வழியவிடுங்கள். பாகு கனமானது, ரம் கலந்த நீர் இலேசானது, ஆதலால் இரண்டும் சற்று நேரம் தனித்தனியே நிற்கும். இடையில் ஊதாக் கோடு ஒன்று தோன்றும். விருந்தினர் தாமே கலக்கும்போது முழுக் குவளையும் சிவந்து வருவதைப் பார்ப்பார்கள்.

பழையவன்:
நுரையை நான் கவனித்திருக்க வேண்டும் என்று சிலர் எண்ணலாம். அளவுகள் தராத பதிவில் ஊகிப்பது என் வழக்கமல்ல. விளக்கம் சரியானது.

கரும்புத்தோட்டம்:
எனினும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

கடலோரம்:
சிற்றப்பா சோடா சேர்த்தது உண்மைதான். இன்று காலை அது இல்லாமல் வடித்தோம், நிறம் மாறுகிறது. கருவுற்றவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் புளிச்சாறு வைக்கிறோம். அனைவருக்கும் நன்றி. வடித்த நீரைச் சனிக்கிழமை வரை வைக்கலாமா?

மோக்காவாசி:
சர்க்கரை சேர்க்காமல், குளிர்பெட்டியில், வெளிச்சம் படாமல் மூடிவைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வெள்ளிக்கிழமை மாலை வடிப்பது இன்னும் நல்லது. ரம்மைப் பரிமாறும் நேரத்தில் சேருங்கள்.