வார்ஹாலின் மர்லின் அச்சுகள்: ஒரே படத்துக்கு ஏலத்தில் ஏன் இரண்டு விலை?

கேள்வி

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1967இல் வெளியிட்ட, நடிகை மர்லின் மன்றோவின் திரை அச்சுகளில் (துணித்திரை வழியே மையைத் தள்ளி அச்சிடும் படங்கள்) ஒன்றை வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மொத்தம் பத்துப் படங்கள். ஒவ்வொன்றிலும் கையொப்பமிட்ட 250 பிரதிகள். எல்லாமே 36 அங்குலச் சதுரம். அப்படியிருந்தும் ஒரே நிற அமைப்புள்ள ஒரே படத்தின் இரு பிரதிகள் ஏலத்தில் வெகுவாக வேறுபட்ட விலைக்குப் போகின்றன. பதிப்பு எண் (250 பிரதிகளில் ஒவ்வொன்றுக்கும் இட்ட வரிசை எண்) சிறியதாக இருந்தால் மதிப்புக் கூடுமா?

மறுமொழி 1

எண்ணைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். செப்புத் தகட்டு அச்சில் தகடு தேயத் தேயப் படம் மங்கும் என்பதால் முதல் பிரதிகளுக்குத் தனி மதிப்பு உண்டு; திரை அச்சில் அந்தச் சிக்கல் இல்லை, எண்ணிட்ட வரிசையும் அச்சிட்ட வரிசையாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது தாளின் பின்புறம். இந்த வரிசையில் கையொப்பமும் ரப்பர் முத்திரையால் குத்திய எண்ணும் அங்கேதான் உள்ளன. 1970 முதல் ‘சண்டே பி. மார்னிங்’ என்ற பெயரில் வந்த அச்சுகள் பார்வைக்கு இவற்றைப் போலவே இருக்கும். ஆனால் அவற்றின் பின்புறத்தில், கையொப்பத்தை நீங்களே இட்டுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் முத்திரை இருக்கும். அவை 250 பிரதிகளின் கணக்கில் சேராதவை. விலையும் மிகக் குறைவு.

மறுமொழி 2

விலையைப் பிளப்பது பெரும்பாலும் தாளின் நிலைதான். மர்லின் படங்களில் வெள்ளை ஓரமே கிடையாது; மை தாளின் விளிம்புவரை ஓடுகிறது. ஆகவே மூலையில் நகம் பட்ட அளவு மடிப்பு விழுந்தாலும் அது படத்தின் மீதே விழுந்ததாகும். என்னிடம் இருந்த வேறொரு பாப் ஆர்ட் அச்சைச் சட்டமிடக் கொடுத்தபோது, கடைக்காரர் அதை அட்டையில் பசையிட்டு ஒட்டிவிட்டார். பின்புறத்துக் கையொப்பம் அட்டைக்குள் போய்விட்டது. அதைப் பிரித்தெடுக்கச் செலவிட்ட பிறகும் தாளில் பழுப்புத் திட்டுகள் எஞ்சின. விற்கக் கேட்டபோது சொன்ன விலையைக் கேட்டு மனம் உடைந்து போனேன். வெயிலில் வெளுத்த இளஞ்சிவப்பையும் மீட்க முடியாது.

மறுமொழி 3

முடிவுகளை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏல நிறுவனங்கள் முன்கூட்டித் தரும் மதிப்பீட்டில் வாங்குபவர் கட்டணம் (ஏலத்தில் கேட்ட விலைக்கு மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் தொகை) சேராது, வெளியிடும் முடிவில் சேரும். 2022 மே மாதம் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்தில் வார்ஹாலின் 1964ஆம் ஆண்டு மர்லின் ஓவியம் (இது அச்சு அன்று) 17 கோடி டாலருக்குக் கேட்கப்பட்டு, கட்டணத்துடன் 19.5 கோடியாக அறிவிக்கப்பட்டது. மேலும், வார்ஹால் படைப்புகளுக்குச் சான்று வழங்கிய குழு 2012இல் கலைக்கப்பட்டுவிட்டதால், படம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று காட்டும் பழைய ரசீதுகள் இன்று மிக முக்கியம். விலை கேட்பதற்கு முன், சட்டத்திலிருந்து கழற்றிய நிலையில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த முன்புற, பின்புறப் படங்களை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். கழற்ற மறுத்தால் அந்த ஏலத்தை விட்டுவிடுங்கள்.